ஏழுகல் அத்தான் இளைத்த கதை

என் அக்காவைக் கட்டியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வேலை பார்க்கும் இடத்தில், தெருவில், ஏன், கூடப்பிறந்த தங்கை வாயில்கூட அவர் ஏழுகல்தான். நான் மட்டும் மரியாதைக்கு ஒரு அத்தானைச் சேர்த்துக்கொள்வேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் கதவு மூடாமல் ஒரு மணி கத்துமே, அது எப்போது கத்த வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இவர்கள் வேலைதான். முழுச் சுமைக்கு இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, இதுதான் உன் எல்லை, இதைத் தாண்டினால் கத்து என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கட்டி ஒன்று இருபது கிலோ. அவர்கள் பேச்சில் அதற்குப் பெயர் கல். வேனிலிருந்து ஒவ்வொரு கல்லாகச் சுமந்து போய், வேலை முடிந்ததும் அத்தனையையும் திரும்பச் சுமந்து வந்தால் இடுப்பு கழன்றுவிடும்.

அத்தான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டோரில் இருந்த பெரிய தராசில் அவரை ஏற்றி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். நூற்று நாற்பது கிலோ. கூட வேலை பார்க்கும் ஒல்லிப்பிச்சானுக்குக் கம்பி என்று பெயர். அவன் துள்ளிக் குதித்தானாம்.

"அண்ணே, நீங்க சரியா ஏழு கல்லுண்ணே! இனிமே ஏழு கல்லு நாம தூக்கவே வேணாம். அதுவே நடந்து வரும்!"

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கம்பி ஏழு கல்லைக் குறைத்துக்கொண்டு மீதியை அடுக்குவான், அத்தான் கூட ஏறி நிற்பார், பொத்தானை அழுத்துவார்கள். விதிப்படி இது குற்றம். மேனேஜருக்குத் தெரியாது. அத்தானும் பல வருஷம் ஒரு கிலோ ஏறாமல் இறங்காமல் அதே நூற்று நாற்பதில் நின்றதால் லிஃப்டுகளும் ஒழுங்காகவே கத்தின. அக்காதான் அங்கலாய்ப்பாள்: "மத்தவ புருஷன் எல்லாம் ஏழு கல்லு வெச்ச தோடு வாங்கித் தர்றான். எனக்கு ஏழு கல்லே புருஷனா வந்து வாய்ச்சிருக்கு."

பிறக்கும்போதே அவர் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவாம். அக்காவின் மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். பள்ளிக்கூட நாடகத்தில் ஒரு வருஷம் யானை, மறு வருஷம் பாறை. யானைக்காவது பிளிற ஒரு வாய்ப்பு இருந்தது, பாறைக்கு வசனமே கிடையாது. வளர்ந்த பிறகு மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளக் கற்றுக்கொண்டார். எல்லோரும் சிரிப்பார்கள், ஜாலியான மனுஷன் என்பார்கள். மண்ணாங்கட்டி. வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் தொங்கிப் போவதை நானும் அக்காவும் பார்த்திருக்கிறோம்.

இளைக்க முயலாமல் ஒன்றும் இல்லை. எலுமிச்சம்பழ வெந்நீர் குடித்தார், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். இடுப்பில் கட்டினால் நடுங்குகிற பெல்ட் ஒன்று வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்ததில் சோபாவின் கால்தான் ஆடிப்போனது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தண்ணீர் மட்டும் என்று விரதம் பிடித்தார், புதன்கிழமை அதற்கு வட்டியும் முதலுமாகச் சேர்த்துச் சாப்பிட்டார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரோடு காலையில் நடக்கப் போனார். அந்த மனுஷன் நடையை ஒரு பேக்கரி வாசலில் முடிக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

போதாக்குறைக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். ஒல்லியாகப் பிறந்ததற்கு ஏதோ ராப்பகலாக உழைத்தவர்கள் மாதிரி பேசுவார்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பி ஒரே மூச்சில் ஒரு முழு கேக்கைத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே, "வாயக் கட்டணும்ணே, அதான் முக்கியம்" என்பான். அவன் வாயைத்தான் யாராவது கட்ட வேண்டும்.

நான் துணிகளைப் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொடுக்கும் ஆல்ட்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். ஒரு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்ற ஒரு மூலையில் திரை. கடையில் விற்கிற எந்தப் பேண்டும் அத்தானுக்குப் பத்தாது, வாங்குகிற ஒவ்வொன்றையும் பிரித்து விட்டது நான்தான். பிரித்து விடத் துணி இல்லாத பேண்டுக்கு வேறு துணியை ஒட்டுக் கொடுத்ததும் நான்தான்.

இப்படியே போயிருக்கும். நடுவில் மேனேஜர் ஒரு குண்டைப் போட்டார். லிஃப்ட் மெக்கானிக்குகள் அந்தப் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் வேலை பார்க்க வேண்டியிருக்கும். விழாமல் இருக்கத் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் புது வார்ப்பட்டை ஒன்று கம்பெனிக்கு வந்தது. அது நூறு கிலோதான் தாங்கும்.

"அடுத்த மெடிக்கலுக்கு ஒரு வருஷம் இருக்கு. நூறுக்குள்ள வந்தா மேல வேலை பாரு. இல்லேன்னா ஸ்டோர்ல உக்காரு. சம்பளம் அதேதான். நீ விழுந்து தொலைச்சா உன் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாதுய்யா" என்றார் மேனேஜர்.

அக்காவுக்கு இதில் என்ன கஷ்டம் என்றே புரியவில்லை. "உக்காந்த இடத்துல சம்பளம். கசக்குதா உங்களுக்கு?" என்றாள்.

அத்தான் வழக்கம்போல் ஏதாவது ஜோக் அடிப்பார் என்று காத்திருந்தோம். அடிக்கவில்லை.

"உனக்குத் தெரியாதுடி. அந்தக் குழிக்குள்ள என்னை யாரும் பாக்க மாட்டாங்க. அங்க நான் வெறும் ரெண்டு கை, ஒரு ஸ்பேனர், அவ்வளவுதான். சின்ன வயசுலேர்ந்து அப்படி ஒரு இடம் எனக்கு இருந்ததே இல்ல. ஸ்டோர்னா வாசல்லயே மேஜை. வர்றவன் போறவன் எல்லாம் நாள் முழுக்கப் பாத்துட்டே போவான்."

அக்கா மறுநாள் வீட்டில் இருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கி என் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வருஷம் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. பசித்த மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? கதவைச் சாத்தினால் சண்டை, திறந்தால் சண்டை. பேக்கரி வாசனைக்குப் பயந்து வேலைக்குச் சுற்றுவழியில் போனார். சாயங்காலம் வெள்ளரிக்காய் மெல்லும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மாடிப்படி ஏறி இறங்குவார், மூட்டு வலி என்று முனகுவார், மறுபடியும் ஏறுவார். இரண்டு கிலோ குறையும், ஒரு கிலோ திரும்பி வரும். ஒரு நாள் குளியலறையில் குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா கதவைத் தள்ளினால், உள்ளே ஒரு முழு பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கிறார், கண்ணில் தண்ணீர். எங்கள் அக்கா வாய்க்கு அன்றைக்கு வீடு ரெண்டாகியிருக்க வேண்டும். அவளோ வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு கொடுங்க" என்றாளாம். இருவருமாகத் தின்று முடித்துவிட்டு மறுநாள் காலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

உடம்பு இறங்க ஆரம்பித்தது. நான் பேண்டைப் பிடித்துத் தைத்தேன், மறுபடி பிடித்தேன். ஒரு கட்டத்தில் பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும் நடுவில் வந்து இடித்துக்கொண்டு நின்றன. "இனிமே முடியாது அத்தான், புதுசு வாங்குங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே கண் கலங்கிவிட்டது, சனியன், ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

மெடிக்கல் நாளன்று தராசு நூறுக்கு இரண்டு குறைவாகக் காட்டியது. மேனேஜர் புது வார்ப்பட்டையைக் கையில் கொடுத்தார். அத்தான் அதை வீட்டுக்கே எடுத்து வந்து மாட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆனால் ஒன்று, உடம்பு இளைத்தாலும் பெயர் இளைக்கவில்லை. கம்பெனியில் தெருவில் எங்கும் அவர் ஏழுகல்லாகவே இருந்தார். நாங்களும் யாரும் அதை ஐந்து கல் என்று திருத்தவில்லை. வாய்க்கு வந்துவிட்ட பெயர், அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அத்தான் என் கடைக்குப் புது பேண்டோடு வந்தார். நீளம் குறைக்க வேண்டும். திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டிருந்தபோது ட்யூஷன் டீச்சர் வந்தார்.

டீச்சர் என் பழைய வாடிக்கையாளர். குழந்தைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், ஒண்டிக்கட்டை, நல்ல பருமன். "எனக்கு அளவு எடுக்காதம்மா, ஜன்னல் திரைக்கு எடுக்கிற மாதிரி எடு" என்று அவரே சிரிப்பார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கையில் பிடித்துத் தைக்க நாலு உடுப்பு.

"என்ன டீச்சர், இப்படி இளைச்சிட்டீங்க? உடம்புக்கு என்ன?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. லிஃப்ட் என்னைத் துரத்துது."

"என்னது?"

"எங்க பில்டிங்ல புது லிஃப்ட் போட்டாங்க. ஆறு பேர் போகலாம்னு போர்டு. காலையில எல்லாரும் வேலைக்குக் கிளம்பற நேரத்துல நான் ஏறினேன்னா போதும், மணி அடிச்சிரும். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பும். சங்கச் செயலாளர் வேற, 'டீச்சர், நீங்க தனியா வாங்களேன், எங்களுக்கு லேட் ஆகுது'ன்னுட்டார். ரெண்டு மாசமா படியிலதான் ஏறி இறங்கறேன். ஆறாவது மாடி. வெள்ளரிக்காயும் தண்ணியும்தான் சாப்பாடு. போன வாரம் நாலாவது மாடித் திருப்பத்துல மயங்கி விழுந்துட்டேன்."

"மணி அடிச்சா அடிக்கட்டுமே டீச்சர், ரெண்டு வார்த்தை கேக்க வேண்டியதுதானே அந்தாளை?"

"மனுஷன் சொன்னா சண்டை போடலாம்மா. மெஷின் சொல்லுதே. மெஷின் எதுக்குப் பொய் சொல்லப்போகுது?"

திரை விலகியது. அத்தானின் தலை மட்டும் வெளியே வந்தது. டீச்சர் அலறிவிட்டார்.

"எந்த பில்டிங், டீச்சர்?"

"ஐயோ, யாரும்மா இது? பச்சை கேட் போட்ட பில்டிங். எதுக்குக் கேக்கறாரு?"

தலை உள்ளே போய்விட்டது. டீச்சர் துணியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் ஆள் வெளியே வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். குண்டூசி குத்திய பேண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார், ஊசி குத்துவதுகூடத் தெரியாமல்.

பச்சை கேட் லிஃப்டுக்கு மணி வைத்தது இவரும் கம்பியும்தான். மெடிக்கலுக்கு முன்னால், இவர் இளைத்து முடிகிற நேரம். கம்பி வழக்கம்போல, "ஏழுகல் ஏறியாச்சு" என்று ஏழு கல்லைக் கழித்துக்கொண்டு மீதியை அடுக்கியிருக்கிறான். இவரும் வழக்கம்போல ஏறி நின்றிருக்கிறார். லிஃப்ட் கண்ணாடியில் தன் புது இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏறி நின்றது ஐந்து கல். அதைத்தான் அந்த லிஃப்ட் முழுச் சுமை என்று எடுத்துக்கொண்டது. அதனால் அளவு தாண்டுவதற்கு இரண்டு கல் முன்னாலேயே அது கத்துகிறது.

"நான் இறக்கி வெச்ச ரெண்டு கல்லு அந்தம்மா தலையில போய் விழுந்திருக்கு" என்றார் அத்தான்.

சரிசெய்ய என்ன செய்வது? வைத்த மணியை மாற்ற மேனேஜரிடம் உள்ள ரகசிய எண் வேண்டும். ஸ்டோரிலிருந்து கல் வெளியே போக அவர் கையெழுத்து வேண்டும். இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை வருஷக் குட்டும் உடையும். விதியை மீறியவனைக் கூரைமேல் ஏற்ற மாட்டார்கள். ஒரு வருஷம் பட்டினி கிடந்து பிடித்த இடம் கையை விட்டுப் போகும்.

கம்பி வீட்டுக்கு ஓடி வந்து காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "அண்ணே, வேணாம்ணே. அந்தம்மா படியில போனா என்ன குறைஞ்சு போச்சு? இல்லேன்னா நீங்க நாலு மாசம் நல்லா சாப்பிடுங்க, ஏழு கல்லு ஆனதும் போய் சத்தமில்லாம மறுபடி அழுத்திட்டு வந்துரலாம்!"

"ரகசிய எண்ணு உங்கப்பனா தருவான்?" என்றாள் அக்கா. பிறகு அத்தானைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்க. ஒரு வருஷம் உங்களோட சேர்ந்து நானும்தான் செத்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

என் வாய் சும்மா இருந்தது அந்த ஒரு நாள்தான். அத்தான் காலையில் எழுந்து குளித்து, வார்ப்பட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். கல்லை எண்ணியது யார் என்று கேட்டதற்கு, "எண்ணினது யாரா இருந்தா என்ன சார், ஏறி நின்னது நான்" என்றாராம்.

மேனேஜர் கத்திய கத்தலில் கீழ்த்தளத்தில் டீ குடித்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். "நீ கல்லு இல்லய்யா! கல்லு பிஸ்கட் தின்னாது! இது முன்கூட்டியே கத்துச்சு, போகட்டும். நீ ரெண்டு கல்லு ஏறியிருந்து, கத்த வேண்டிய லிஃப்ட் கத்தாம மேல போயிருந்தா? எத்தனை லிஃப்ட்ல இப்படி ஏறி நின்னே?"

அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று உத்தரவானது. பச்சை கேட் முதலில். அதுதான் அத்தானுக்குக் கடைசி வெளிவேலை. மறுநாளிலிருந்து ஸ்டோர்.

டீச்சரின் உடுப்புகளைக் கொடுக்கும் சாக்கில் நானும் போனேன். வேனிலிருந்து கல் சுமக்கக் கம்பியை அத்தான் விடவில்லை. ஒவ்வொன்றாகத் தானே தூக்கினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. குடியிருப்பவர்கள் கூடிவிட்டார்கள். செயலாளர் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். டீச்சர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர், படிக்கட்டருகே நின்றுவிட்டார்.

பழைய எல்லையில் மணி கத்தியது. கூட வந்திருந்த மேனேஜர் ரகசிய எண்ணைத் தட்ட, அத்தான் மீதிக் கற்களையும் அடுக்கி, விலகி வெளியே வந்து பொத்தானை அழுத்தினார். இப்போது அத்தனை கல் இருந்தும் மணி அடிக்கவில்லை. மேலே ஒரு கல் வைத்ததும் அடித்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்ன டெக்னிக்கல் பிரச்சினை…" என்று ஆரம்பித்தார்.

"பிரச்சினை நான்தான் சார்" என்றார் அத்தான். எல்லோர் முன்னாலும் கம்பி பெயரை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். "இது கத்தினது டீச்சர் எடைக்கு இல்ல. நான் குறைச்ச எடைக்கு."

செயலாளர்தான் சமாளித்தார். "சரி சரி, சரியாயிடுச்சுல்ல? வாங்க டீச்சர், இனிமே எல்லாரும் ஒண்ணாவே போலாம்."

டீச்சர் நகரவில்லை. "கடைசியா ஏறினவங்க இறங்கணும்னு போர்டுல எழுதியிருக்கு, படிச்சிருக்கீங்களா? எத்தனையோ நாள் நான் முதல்ல ஏறி மூலையில நின்னிருக்கேன். கடைசியா ஓடி வந்து ஏறினது நீங்க. மணி அடிச்சதும் எல்லாரும் என்னைத்தான் பாத்தீங்க. நானும் இறங்கிட்டேன். மெஷின் தப்பு பண்ணுச்சு, அதுக்கு ஒருத்தர் வந்து மன்னிப்பு கேக்கறாரு. நீங்க என்னைப் பாத்தது எந்த மெஷின் பண்ணின தப்பு?"

செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

அத்தான் மெதுவாகச் சொன்னார்: "நானும் அப்படித்தான் டீச்சர். எங்கேயாவது போனா, மணி அடிச்சா, நான் முதல்ல ஏறியிருந்தாலும் நான்தான் இறங்குவேன். எத்தனை கிலோவுக்கு அடிக்கும்னு எனக்குத் தெரியும். அந்த மணிய வெக்கிறதே நான். தெரிஞ்சும் இறங்கியிருக்கேன்."

ஜோக் அடிக்கிற அத்தான், அத்தனை பேர் முன்னால், கையில் கிரீஸோடு கண்ணைத் துடைத்தார். கன்னமெல்லாம் கறுப்பு. டீச்சர் பைக்குள் தேடித் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

கம்பி கற்களை வெளியே எடுத்தான். டீச்சர் லிஃப்டுக்குள் போய் நின்று, "நீங்க ஏறுங்க" என்று அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் ஏறினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது லிஃப்ட் நிறைந்தாற்போலத்தான் இருந்தது, மணி அடிக்கவில்லை. செயலாளர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

"நீங்க அடுத்த தடவை வாங்க" என்றார் டீச்சர். கதவு மூடியது.

ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்ததை மேலே இருந்த எண் காட்டியது. அங்கேயே நின்றது. செயலாளர் பொத்தானை அழுத்தினார், இன்னொரு முறை அழுத்தினார். லிஃப்ட் வரவில்லை. மேலிருந்து டீச்சர் சிரிக்கும் சத்தம் மட்டும் அந்தக் குழி வழியாகக் கேட்டது, கூடவே அத்தான் குரல்.

"என்ன, மறுபடியும் பழுதா?" என்று செயலாளர் என்னைப் பார்த்தார்.

"பழுதெல்லாம் இல்ல சார். கதவைத் திறந்து வெச்சுப் பேசிட்டிருக்காங்க போல" என்றேன். "படி இருக்கே, ஏறுங்க. உடம்புக்கு நல்லது."